பதினொன்று நாற்பத்திரண்டுக்கு எடுத்த படம்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு, தாம் அங்கே இல்லவே இல்லை என்று பலர் சாதித்துவிட்டார்கள். அங்கே இல்லாத சிலரோ கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

மேடையில், நற்சான்று வாரியத்தின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் செயலாளர். இடப்பக்கம் கண்காணிப்பு அதிகாரி. அவர் தமக்குப் போட்ட நாற்காலியில் உட்காராமல் அதன் பின்னால் நின்றார். நாற்காலியையும் அவர் நம்பவில்லை. மேடைக்குக் கீழே, நான்கு பதிவேடுகளோடு பதிவேட்டம்மா. படியோரம் வரிசையாக, அப்பழுக்கற்ற பணிக்கான பட்டயம் வாங்க வந்த நாற்பது பேர். வரிசையின் முதல் ஆள், முப்பது ஆண்டு பணி முடித்த எழுத்தர். மேடைக்கு எதிரே கேமராக்காரர். அவருக்குப் பதினெட்டு அடி பின்னால் ஒரு மேசை. அதில் லேப்டாப்போடு அவருடைய மருமகள், பிரிண்டரோடு அவருடைய மைத்துனர். வேறு யாரும் இல்லை. பட்டயம் பெறுகிறவர்களின் மனைவி மக்கள்கூட இல்லை. உறவுக்குச் சான்று கொண்டுவராததால் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வாரியத்தின் வேலை எளிமையானது. யாராவது ஒரு சான்றிதழோடு போனால், அது சான்றிதழ்தான் என்று வாரியம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். சில இடங்களில் அந்தச் சான்றிதழுக்கும் சான்று கேட்பார்கள். அதற்கு இரண்டாம் மாடிக்குப் போகவேண்டும்.

கேமராக்காரரின் குடும்ப வேலையும் எளிமையானதுதான். அவர் படம் எடுப்பார். கேமராவில் செருகியிருக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி அதைக் காற்றிலேயே மருமகளின் லேப்டாப்புக்கு அனுப்பும். அவள் ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, பிரிண்டருக்குத் தள்ளுவாள். மைத்துனர் சூடாக வரும் படத்தை அட்டையில் செருகி நீட்டுவார். மேடையில் கைகொடுத்தவர் கீழே இறங்கிச் செருப்பைத் தேடுவதற்குள் படம் அவர் கையில் இருக்கும். இந்த ஏற்பாடு மொத்தமும் மருமகள் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளே யோசித்துச் செய்தது. கேமராக்காரர் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் யாராவது "உங்க ஏற்பாடு பிரமாதம்" என்றால் மறுக்கவும் மாட்டார்.

பட்டயம் பெறும் ஒவ்வொருவர் கையிலும் பத்து நிமிடத்துக்குள் படம் இருக்கவேண்டும் என்று வாரியமே கேட்டிருந்தது. தவறினால் கேமராக்காரரின் குடும்பப் பெயர் வாரியத்தின் ஐயப் பட்டியலில் ஏறும். ஏறிவிட்டால் அப்புறம் எந்த அலுவலகமும் பள்ளிக்கூடமும் வாசலில் சேர்க்காது. அந்தப் பெயர் மூன்று தலைமுறையாக எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை, வாக்காளர் பட்டியலைத் தவிர. அதனால்தான் கேமராக்காரர் அன்று காலை இஸ்திரி கலையாத சட்டையோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, வரவேற்பில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

நுழைந்தவுடன் முதல் சிக்கல் மின்சாரம். அத்தனை பெரிய கூடத்தில் வேலை செய்த ஒரே பிளக் பாயிண்ட், மேடையில் செயலாளரின் காலடியில் இருந்தது. மைத்துனர் நீளமான வயரைத் தரையோடு தரையாக ஒட்டி இழுத்துவந்தார்.

"அத்தான், செயலாளர் காலை ஆட்டினா நம்ம பிரிண்டர் அவுட்டு. அவரு காலாட்டற பழக்கமுள்ளவர் மாதிரி தெரியுது."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் கேமராக்காரர்.

இரண்டாவது சிக்கல் கண்காணிப்பு அதிகாரி. அவர் மேடையிலிருந்து இறங்கிவந்து கேமராவைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"படம் இங்கேருந்து அங்கே எப்படிப் போகுது?"

"காத்துலதாங்க."

"காத்துல." அதிகாரி அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "வழியில யாரு பார்க்கறாங்க?"

"யாரும் பார்க்க முடியாதுங்க."

"அதைத்தான் கேக்கறேன். பதினெட்டு அடி தூரம் ஒரு ஆவணம் போகுது. யாரும் பார்க்கலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அந்தப் பதினெட்டு அடியில என்ன நடந்துச்சுன்னு யாரு சான்று குடுக்கறது?"

கேமராக்காரர் திகைத்துப்போனார். நாற்பது ஆண்டுத் தொழிலில் இப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்ததில்லை. மருமகள் எழுந்துவந்து, "சார், அது எங்க ரெண்டு மிஷினுக்குள்ள மட்டும்தான் பேசிக்கும். வேற யாருக்கும் புரியாது" என்றாள்.

"ரகசியமா பேசிக்கும்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

கருவியை அணைக்கச் சொல்லி, அதன் பொத்தான் மேல் வாரியத்தின் முத்திரைத் தாள் ஒன்றை நாக்கில் நனைத்து ஒட்டினார். இனிமேல் ஒரு படம் எடுத்தவுடன், கேமராவிலிருந்து படம் பதியும் கார்டைக் கழற்றவேண்டும். உறையிலிட்டு ஒட்டவேண்டும். பதிவேட்டம்மா வரவு எண் போடுவார். உறை பதினெட்டு அடி நடந்துபோய் மேசையை அடையும். அதோடு இன்னொரு கட்டளையும் வந்தது.

"ஒருத்தருக்கு ஒரே ஒரு படம்."

"சார், கண் சிமிட்டிடுவாங்க. மூணு எடுத்துத்தான் ஒண்ணு தேர்ந்தெடுப்போம்."

"மூணு எடுத்தா எது அசல்?"

கேமராக்காரர் மூன்று விரலை நீட்டி, இரண்டை மடக்கிக்கொண்டார்.

செயலாளர் மேடையிலிருந்தே ஒலிபெருக்கியில் ஆறுதல் சொன்னார்: "பெரியவரே, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. நாங்க உங்களை மட்டும் சந்தேகப்படறதா நினைக்கக்கூடாது. இந்த வாரியம் எல்லாரையும் ஒரே அளவுல நம்பாம இருக்கு. இதுல பாரபட்சமே கிடையாது. தலைவரோட கையெழுத்தையே நான் ரெண்டு தடவை பார்த்துத்தான் ஏத்துக்குவேன்."

தலைவர் பெருமையோடு தலையாட்டினார்.

விழா தொடங்கியது. கூடத்துச் சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து நாற்பத்திரண்டு ஆனபோது எழுத்தர் மேடை ஏறினார். முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய படங்களை அவரவர் முகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து முத்திரை குத்தியவர் அவர். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்ததைத் தவிர அவருக்கென்று ஒரு படம் கிடையாது. சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு தலைவரின் கையைப் பிடித்தார். ஃபிளாஷ் அடித்தது.

எழுத்தர் கண்ணை மூடிவிட்டார்.

கேமராவின் பின்பக்கத் திரையில் அதைப் பார்த்ததும் கேமராக்காரரின் விரல் தானாக மறுபடி பொத்தானுக்குப் போனது. அதிகாரியின் பார்வையும் அங்கேயே இருந்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

கார்டு உறைக்குள் போனது. உறை பதிவேட்டம்மாவிடம் போனது.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு படம்மா."

"காலையில வெறும் கார்டா உள்ள வந்தப்ப எடை போட்டு எழுதியிருக்கேன்" என்றார் பதிவேட்டம்மா. தபால் தராசை முன்னால் இழுத்து, உறையைக் கிழித்துக் கார்டை எடுத்துத் தராசில் வைத்தார். கண்ணாடியை மேலே தள்ளிக் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். "சார்! இங்க வாங்க. படம் ஏறியிருக்குங்கறார். எடை ஏறலையே!"

அதிகாரி வந்தார். தராசைப் பார்த்தார். கேமராக்காரரைப் பார்த்தார். தராசைத் தட்டினார். கேமராக்காரரையும் தட்டிப் பார்த்துவிடுவாரோ என்று இருந்தது.

"அம்மா, படத்துக்கு எடை கிடையாதும்மா" என்றார் கேமராக்காரர்.

"எடையில்லாத பொருளை நான் எந்தப் பதிவேட்டுல ஏத்தறது? எங்க வரவுப் பதிவேட்டுல எடைக்கு ஒரு கட்டம் இருக்கு. கட்டம் இருந்தா நிரப்பணும்."

கடைசியில், 'படம் எனச் சொல்லப்படுவது ஒன்று' என்று எழுதி, எடைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குச் செயலாளரின் கையெழுத்தும் வாங்கினார்கள். வரவு எண் விழுந்தது. கார்டைப் புது உறையிலிட்டு ஒட்டினார்கள். பதினெட்டு அடி தூரத்தை அந்த உறை கடக்கப் பத்தொன்பது நிமிடம் ஆனது. எழுத்தர் மேடையோரம் பட்டயத்தை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றார். படம் கைக்கு வரும்வரை அடுத்தவரை அழைக்கக்கூடாது என்பது ஏற்பாடு. முப்பத்தொன்பது பேர் கால் மாற்றி நின்றார்கள்.

மருமகள் கார்டைப் போட்டுப் படத்தைத் திறந்தாள். தலைவரின் முகம் நிழலில் இருந்தது; நெற்றி வியர்வையில் மின்னியது. அவள் பழக்க தோஷத்தில் வெளிச்சத்தைக் கூட்டி, வியர்வையைத் துடைத்தாள். பின்னாலிருந்து அதிகாரியின் மூச்சுக் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் திருத்தறேன் சார்."

பதிவேட்டம்மாவின் பேனா மூடி உருண்டு போனது.

செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பாரும்மா, இந்தக் கட்டடத்துல நாற்பத்தாறு வருஷமா யாரும் எதையும் திருத்தினதில்ல. தப்பா இருந்தா, தப்பா இருக்குன்னு சான்று குடுப்போம். அதோட எங்க வேலை முடிஞ்சுது. அதைச் சரிபண்றது எங்க வேலையா இருந்திருந்தா, நாங்க இத்தனை வருஷம் இருந்திருப்போமா? வேலை தீர்ந்துபோயிருக்கும்."

"சார், வியர்வைதானே..."

"தலைவர் வியர்த்தது நடந்த சம்பவம். அதை அழிக்க நீ யாரு?"

தலைவர் கைக்குட்டையை எடுக்கப்போய், சட்டென்று திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். வியர்வை திரும்ப ஏற்றப்பட்டது. வெளிச்சம் குறைக்கப்பட்டது. மைத்துனர் முணுமுணுத்தார்: "நல்லவேளை, எழுத்தரோட கண்ணைத் தொறக்கலை. உள்ள தள்ளியிருப்பாங்க."

அடுத்தது, படம் படத்திலிருப்பவரோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை. எழுத்தரை அழைத்துத் திரையருகே நிறுத்தினார்கள். தொழில் பழக்கத்தில் அவரே அதைச் செய்யத் தொடங்கினார். திரையைப் பார்த்தார், பக்கத்துக் கண்ணாடி ஜன்னலில் தெரிந்த தம் முகத்தைப் பார்த்தார். "ஒத்துப்போகுதுங்க. ஆனா படத்துல இருக்கறவர் தூங்கறார்."

"அப்பழுக்கற்ற பணின்னு பட்டயம். படத்துல பணி நேரத்துல கண் மூடியிருக்கு" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். எழுத்தருக்கு முகம் சுண்டிவிட்டது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அதிகாரி விடவில்லை. "இந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு இந்தப் பெட்டி சொல்லுமா?" என்று கேட்டார். மருமகள் தயங்காமல் ஒரு சாளரத்தைத் திறந்தாள். அதில் படம் எடுத்த நேரம் இருந்தது: பதினொன்று நாற்பத்திரண்டு.

அதிகாரி சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி பதினொன்றே கால்.

"இன்னும் இருபத்தேழு நிமிஷம் இருக்கு" என்றார், குரலே எழும்பாமல். "நடக்காததை எடுத்திருக்காங்க."

கேமராக்காரருக்குப் பிடரியில் அடித்தாற்போல் இருந்தது. காலையில் கேமராவில் நேரம் அழிந்துபோயிருந்தது. அவர்தான் புதிதாக வைத்தார். "மாமா, மணியை ஒரு தடவை சரிபார்த்துக்குங்க" என்று மருமகள் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா" என்று அவர் சொன்னார். பத்து வைக்கவேண்டிய இடத்தில் பதினொன்று வைத்திருக்கிறார். அவ்வளவுதான். மருமகளுக்கும் அது இப்போது புரிந்துவிட்டது. அவள் அவரைப் பார்த்தாள். மாமனாரின் தவற்றை ஊர் முன்னால் சொல்லும் வளர்ப்பு அல்ல அவளுடையது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "பெட்டி யாருது?"

"என்னுதுதான் சார்."

"இதுக்குள்ள கையை விட்டது?"

"நான்தான்."

"எழுதிக்குங்க" என்றார் அதிகாரி பதிவேட்டம்மாவிடம்.

கேமராக்காரர் முதுகை நிமிர்த்தி இரண்டு அடி முன்னால் வந்தார். தவறை ஒப்புக்கொள்வது அவர் அதிகம் செய்து பழகாத காரியம். "தப்பு என்னுது. கேமராவுல மணி வெச்சது நான். ஒரு மணி நேரம் கூட வெச்சுட்டேன். அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அத்தானே ஒத்துக்கிட்டாரு" என்று மைத்துனர் வாய்பிளந்தார். "இதைத்தான் படம் எடுத்திருக்கணும்."

செயலாளர் ஒரு பெருமூச்சு விட்டார். "பெரியவரே, நீங்க தப்பு பண்ணினதுக்கு என்ன ஆதாரம்?"

"நானே சொல்றேனே."

"நீங்க சொல்றீங்க. மருமகளைக் காப்பாத்த மாமனார் பழியை ஏத்துக்கறது சகஜம். பாசத்துல வர்ற வாக்குமூலம் ஒண்ணாம் தர ஐயத்துக்குரியதுன்னு எங்க விதியே இருக்கு. பாசமில்லாத ரெண்டு பேர் சாட்சி சொன்னா ஏத்துக்கலாம்."

கேமராக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் ஒருவரும் முன்வரவில்லை.

"கடிகாரத்தைப் பாருங்க, கேமராவைப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். சின்னப் பிள்ளைக்கும் புரியுமே!"

இப்போது தலைவர் முதல்முறையாகப் பேசினார். அவர் பேசினால் வாரியத்தில் யாரும் இருமுவதுகூட இல்லை.

"அந்தப் படத்துக்கு வரவு எண் விழுந்துட்டுதா?"

"விழுந்துட்டுதுங்க."

"வரவு எண் விழுந்த ஆவணம் தப்பா இருக்க முடியாது. அப்படியிருந்தா அது வந்தப்பவே நாம பிடிச்சிருப்போம். ஆக, படம் சரி. பட்டயம் குடுத்ததுதான் ஒரு மணி நேரம் முந்திப் போயிட்டுது." சற்று யோசித்தார். "பதினொன்று நாற்பத்திரண்டுக்கு மறுபடி குடுத்துடுவோம். எல்லாம் நேராயிடும்."

செயலாளர் கண்கலங்கிக் கைதட்டினார். முப்பத்தொன்பது பேரும் தட்டினார்கள்.

அடுத்த இருபது நிமிடம் வாரியம் உழைத்த உழைப்பைப் போலக் கேமராக்காரர் அதற்கு முன் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. மருமகளின் திரையைப் பார்த்து அதிகாரி ஒவ்வொன்றாகச் சொல்ல, மேடையில் அது அதன்படி அமைந்தது. பூச்செண்டு நான்கு விரற்கடை இடம் தள்ளி வைக்கப்பட்டது. செயலாளர் படத்தில் காது குடைந்துகொண்டிருந்ததால் விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். தலைவரின் நெற்றி உலர்ந்துவிட்டிருந்தது. மின்விசிறியை நிறுத்தி அவரை வியர்க்கவிட்டார்கள். எழுத்தருக்கு உத்தரவு எழுத்து மூலமாகவே வந்தது: கைகுலுக்கும்போது கண்களை மூடிக்கொள்ளவேண்டும்.

"சார், இந்தத் தடவையாவது..." என்று எழுத்தர் இழுத்தார்.

"படத்துல மூடித்தானே இருக்கு?"

கேமராக்காரர் மாற்றுக் கார்டு ஒன்றைச் செருகிக் கேமராவைத் தூக்கினார். அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க எதுக்கு? படம்தான் ஏற்கெனவே இருக்கே. நிகழ்ச்சிதான் பாக்கி."

பதினொன்று நாற்பத்திரண்டு. எழுத்தர் மேடை ஏறினார். தலைவர் வியர்த்தார். செயலாளர் காது குடைந்தார். எழுத்தர் கண்களை இறுக மூடிக்கொண்டு, காற்றில் துழாவி, தலைவரின் கையைப் பிடித்தார். "சரியா இருக்கு!" என்று பதிவேட்டம்மா கூவி முத்திரையைக் குத்தினார்.

அந்தச் சத்தத்தில் எழுத்தர் கண்ணைத் திறந்தார். தம் கை பிடித்திருந்தது தலைவரின் கட்டைவிரலை மட்டும் என்று பார்த்தார். முப்பது ஆண்டுகளாக அடக்கிவைத்த சிரிப்பு அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தலைவரும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

கேமராக்காரரின் நகம் கருவியின் மேல் இருந்த முத்திரைத் தாளைச் சுரண்டியது. விரல் கருவியை உயிர்ப்பித்து, கேமராவின் பொத்தானை அழுத்தியது. ஃபிளாஷ் இல்லை, சத்தமும் இல்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினெட்டு அடிக்கு அப்பால் மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குள் அதிகாரிக்குப் புதிதாக மூக்கு வியர்த்துவிட்டது. "எழுத்தர் பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கண் மூடுவார்னு இவங்களுக்கு ஒரு மணி நேரம் முந்தியே எப்படித் தெரியும்? உள்ளேயிருந்து யாரு தகவல் குடுத்தது?"

செயலாளர் கேமராக்காரரை மேடைக்கு அழைத்தார். காலாட்டியபடி, குரலைத் தாழ்த்தி, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "பெரியவரே, உங்க வயசுக்கு ஒரு மரியாதை குடுக்கறேன். மருமகள் தன்னிச்சையா பண்ணினது, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு பேரு மட்டும் பட்டியல்ல ஏறும். குடும்பப் பேரு தப்பிச்சுடும். மூணு தலைமுறைப் பேராச்சே!"

கேமராக்காரர் தாளைப் பார்த்தார். மூன்று தலைமுறையாகப் பட்டியல் எதிலும் ஏறாத பெயர் அது. அவர் மேசைப் பக்கம் திரும்பினார். மருமகள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் மெல்ல உறுமியது. மைத்துனர் அட்டையோடு கை நீட்டி நின்றார்.

"ஐயா" என்றார் கேமராக்காரர், ஒலிபெருக்கிக்குக் கேட்கும்படியாக. "அந்தப் பொண்ணை விட்டுட்டு எங்க குடும்பத்துக்குத் தனியா ஒரு பேரு கிடையாது. ஏத்தறதுன்னா மொத்தமா ஏத்திக்குங்க. எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க. திருத்த உங்களுக்கு வழக்கமில்ல."

மைத்துனர் பதினெட்டு அடியையும் நான்கே எட்டில் கடந்துவந்து எழுத்தரின் கையில் அட்டையைத் திணித்தார். படம் எடுத்ததிலிருந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுத்தர் பார்த்தார். கண்கள் விரியத் திறந்திருந்தன; பல் தெரிந்தது. பழக்க தோஷத்தில் அட்டையைத் திருப்பி முத்திரையைத் தேடினார். இல்லை. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, எதிலும் கையெழுத்துப் போடாமல், வாசலில் காத்திருந்த மனைவியிடம் போய்விட்டார்.

அந்தப் படத்தில் எடுத்த நேரம் பன்னிரண்டு நாற்பத்திரண்டு என்று இருக்கும். அந்த நேரத்தில் எழுத்தர் உண்மையில் பஸ்ஸில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போனார். வாரியத்துக்கு இது இன்னும் தெரியாது.

குடும்பப் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. மூவர் பெயரும் ஏறின. கேமராக்காரர் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கடையில் மாட்டியிருக்கிறார். முதல் பெயராக மருமகளின் பெயர் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அன்று கேமராக்காரர் செயலாளரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாக ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அது பொய். அவர் குனிந்தது உண்மை. செயலாளரின் காலடிவரை குனிந்ததும் உண்மை. பிரிண்டரின் பிளக் அங்கேதான் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.